இரண்டு துளி பெற்றோல்

போன செமஸ்டர் லீவில் கிளிநொச்சிக்குப் போனபோது மாமாவின் கராஜில் ஒரு சின்ன லொறி நின்றது. ஜப்பானிலிருந்து எப்போதோ ரீகண்டிஷனாக வந்த பெற்றோல் லொறி. என்னைவிட வயது கூடியது. அதன் எஞ்சின் கொம்பியூட்டர் செத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது. அதே சாமான் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய எஞ்சினே வாங்கலாம். கடைசியில் மச்சான் இன்டர்நெட்டைப் பார்த்து ஸ்பீடுயினோ என்ற ஒரு பலகையைப் பூட்டினான். யாரும் செய்யலாம், யாரும் மாற்றலாம் என்று திறந்துவிடப்பட்ட எஞ்சின் கொம்பியூட்டர் அது.

அவன் மடியில் லப்டொப்பை வைத்துக்கொண்டு கரடிப்போக்குச் சந்திக்கும் பரந்தனுக்கும் இடையில் அந்த லொறியில் போய்ப்போய் வந்தான். திரையில் 16 நிரை, 16 நிரல், மொத்தம் 256 பெட்டிகள். ஒரு பக்கம் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, மற்றப் பக்கம் அது எவ்வளவு பாரம் இழுக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண். அந்தச் சுற்றில், அந்தப் பாரத்தில், எவ்வளவு பெற்றோல் விசிற வேண்டும் என்பதை அந்த எண் தீர்மானிக்கிறது. புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிசன் சென்சர் எரிந்தது கூடவா குறையவா என்று சொல்லும். ஓடும்போது இதெல்லாம் பதிவாகும். வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைத் திறந்து கணக்குப் பார்ப்பான். ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று இருக்க வேண்டிய பெட்டியில் 16 என்று பதிவாகியிருந்தால் அங்கே பெற்றோல் போதவில்லை. 16 ஐ 14.7 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 1.09. அந்தப் பெட்டியின் எண்ணை ஒன்பது சதவீதம் கூட்டுவான். திரும்பவும் ஓட்டம். திரும்பவும் கணக்கு.

மூன்றாம் நாள் மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"உதுக்கு உவ்வளவு வேணுமே? நாங்கள் காதாலயும் மூக்காலயும் செய்தனாங்கள். அதுவும் பெற்றோலுக்கில்லை, மண்ணெண்ணெய்க்கு."

சொல்லிவிட்டு அவர் தன்பாட்டில் போய்விட்டார். எனக்கு அது விடவில்லை. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் வன்னியின் வரலாறு என்றால் பண்டாரவன்னியன், வன்னிமைகள், குளங்கள், குடியேற்றத் திட்டங்கள், பிறகு யுத்தம். யுத்தத்துக்குள்ளே ஒரு மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் கேட்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது.

*

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதோடு வடக்குக்குப் போகும் சாமான்கள் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் என்று ஒரு நீண்ட பட்டியல். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. வன்னியின் கிராமங்களில் பலவற்றுக்கு அது முதலிலேயே வந்திருக்கவில்லை. தடை ஒரேயளவாக இருக்கவில்லை, இறுகும், கொஞ்சம் தளரும், திரும்ப இறுகும். ஆனால் 2002 ஜனவரியில் புதிய அரசாங்கம் அதை நீக்கும்வரை, கிட்டத்தட்ட பன்னிரண்டு வருசம், பெற்றோல் என்பது சாதாரண ஆள் ஷெட்டில் போய் வாங்கும் சாமானாக இருக்கவில்லை. வவுனியாப் பக்கமிருந்து எப்படியோ வந்தது, போத்தலில் விற்றது, விலை விற்பவர் சொன்னது.

மண்ணெண்ணெய் நிலைமை வேறு. விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டும் என்பதால் அதை முழுதாக மறிக்க முடியவில்லை. சங்கக்கடையில் கூப்பனுக்கு, வரும்போது, அளவோடு கொடுத்தார்கள். ஆக வன்னியில் எரியக்கூடிய திரவம் என்று ஓரளவு நம்பக்கூடியது அது ஒன்றுதான். எஞ்சின்களும் அதற்குப் பழக வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு பெருமைக் கதை தொடங்கும். "தமிழன் மண்ணெண்ணெயில் கார் ஓடினான்" என்ற கதை. ஃபேஸ்புக்கில் வருசத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றும், கீழே நூறு கைதட்டல் இருக்கும். எனக்கு அந்தக் கதையில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அது வித்தையை வானத்திலிருந்து விழுந்ததுபோல் சொல்லும். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைச் சொல்லாது.

வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவில் ஃபெர்குசன் கம்பனி ரக்ரரின் ஒரு வகையை இந்த நோக்கத்துக்காகவே செய்து விற்றது. அதற்கு இரண்டு தாங்கி. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய, மலிவான ஒரு எண்ணெய். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் குழாயைத் திருப்பி மற்றதுக்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்பு திரும்பவும் பெற்றோலுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலமை எழும்பாது. எங்கள் ஊர் ரக்ரர்கள் பெரும்பாலும் டீசல் என்பதால் அது நேரே இங்கே வந்த வித்தை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே ஏற்பாடு இங்கே வேறு இரண்டு வழியால் முதலே வந்திருந்தது. ஒன்று, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின். ஜப்பான்காரன் செய்த மண்ணெண்ணெய் பம்புகள் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மற்றது, கடலில் போகும் வெளியிணைப்பு எஞ்சின். முல்லைத்தீவுக் கரையில் இன்றைக்கும் போய்ப் பாருங்கள், படகுகளை ஓட்டுவது மண்ணெண்ணெய் எஞ்சின்தான், காலமை அதற்கு முதல் வாய்க்குக் கொஞ்சம் பெற்றோல்.

ஆக, தோட்டக்காரரும் கடற்தொழிலாளரும் ஏற்கெனவே கையில் வைத்திருந்த பழக்கம் 1990 இற்குப் பிறகு றோட்டுக்கு ஏறியது. இது என் ஊகம். ஆனால் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே, "பின்ன? நான் முதல்ல பழகினதே மிசின்லதானே" என்றார்.

*

சரி, அதில் என்ன கஷ்டம்? மண்ணெண்ணெயும் எரியும் திரவம்தானே?

எரிவதற்குத் தேவையான காற்றின் விகிதம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிக்கல் வேறு இடத்தில். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், அதனால்தான் போத்தலைத் திறந்தவுடன் மணக்கிறது. மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்கவே 150 பாகைக்குக் கிட்டப் போகவேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகப் போகாமல் துளித்துளியாகப் போகிறது. துளி எரியாது. புளக் நனையும், நீங்கள் உதைத்து உதைத்துக் கால் நோகும்.

இரண்டாவது பிரச்சினை, தட்டுதல். ஷெட்டில் 92, 95 என்று எழுதியிருக்கிறதே, அது ஒக்டேன் எண். அமுக்கப்படும்போது நேரத்துக்கு முன்னமே தானாகத் தீப்பிடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவு. சாதாரண மண்ணெண்ணெய்க்கு அந்த எண் பாதிகூட வராது. பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். அப்படியே விட்டால் பிஸ்டன் போய்விடும்.

முதல் பிரச்சினைக்கு மருந்து இரண்டு துளி பெற்றோல். ஒரு சின்னப் போத்தல், ஒரு மெல்லிய ரியூப். கார்பரேட்டருக்குள் சில துளி விட்டு உதைத்தால் எஞ்சின் எழும்பும். எழும்பிய அந்தச் சில கணங்களுக்குள் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். முறுக்கிப் பிடிக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும், கூட முறுக்கினால் மூச்சடைக்கும். சூடாகும்வரை வெள்ளைப் புகை, கண் எரியும். அந்த மணத்தை அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்மா சொன்னாள், எந்த மோட்டார் சைக்கிள் வருகிறது என்று வீட்டுக்குள் இருந்தே தெரியுமாம், சத்தத்தை வைத்து, பிறகு மணத்தை வைத்து.

இரண்டாவது பிரச்சினைக்குப் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவைக்க வேண்டும். காரென்றால் டிஸ்ரிபியூட்டரை இளக்கி ஒரு மயிரிழை திருப்புவார்கள். எவ்வளவு மயிரிழை? தட்டுகிற சத்தம் நிற்கும்வரை, ஆனால் இழுவை சாகாத அளவுக்கு. கார்பரேட்டரில் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு ஏற்றுவதா இறக்குவதா, ஜெட்டைக் கொஞ்சம் பெருப்பிப்பதா, காற்று ஸ்குரூவை எத்தனை கால் சுற்றுத் திறப்பது, எல்லாம் இப்படித்தான். மச்சானின் 256 பெட்டிகளும் அங்கே இருந்தன, ஆனால் பெட்டியாக இல்லை. காலமைக் குளிர், பின்னுக்கு இரண்டு பேர், முறிகண்டிக்கு இங்கால மணல் றோட்டு, மழைநேரம் என்று இருந்தன.

ஒக்சிசன் சென்சருக்குப் பதிலாகப் புளக். கழற்றிப் பார்த்தால் கோப்பி நிறமாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் எரிபொருள் போதாது, கறுப்பாக இருந்தால் கூடிப்போனது. மண்ணெண்ணெயில் ஓடிய புளக் எப்படியும் கறுப்பு. "கறுப்புக்குள்ளயே எத்தினை கறுப்பு இருக்கு தெரியுமே, பிள்ளை?" என்று மாமா கேட்டார். காய்ந்த கரி கறுப்பு என்றால் ஓடலாம், ஈரக் கறுப்பு என்றால் எரியாமல் உள்ளே போகிறது. அந்தக் காலத்தில் வெளிக்கிட்டால் சட்டைப் பையில் ஒரு மேலதிகப் புளக், ஒரு துண்டு அரத்தாள், அந்தச் சின்னப் போத்தல். இந்த மூன்றும் இல்லாமல் தூரம் போனவன் தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பான்.

எரியாமல் உள்ளே போனது எங்கே போகும்? சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஓயிலுக்குள் இறங்கும். சாதாரண எஞ்சினில் நாள் போகப்போக ஓயில் குறையும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அளவு கூடும்! கம்பியை இழுத்துப் பார்த்தால் போன கிழமையைவிட மேலே நிற்கும், தண்ணிபோல ஓடும். அதைத் தெரியாமல் சந்தோஷப்பட்டவர்களின் எஞ்சின்தான் முதலில் இறுகியது.

அந்த நாளைய வண்டிகளில் மாமா மரியாதையாகப் பேசுவது எம்.டி. 90 ஐப் பற்றித்தான். ஜப்பானில் தபால்காரருக்காக ஹொண்டா செய்த சைக்கிள் அது. வன்னியில் அது தபாலைத் தவிர எல்லாவற்றையும் சுமந்தது. விறகு, நெல், ஆட்டுக்குட்டி, வருத்தக்காரர். கார்களில் பழைய மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும். அவற்றின் அமுக்கம் குறைவு, அதனால் தட்டுவதும் குறைவு. மலிவான பெற்றோலுக்காக 1950 களில் செய்த பழைய சாமான்தான் தடைக்காலத்துக்குச் சரியாகப் பொருந்தியது. புதிய வண்டி வைத்திருந்தவர்களின் பாடுதான் திண்டாட்டம்.

டீசல் எஞ்சின் கதை வேறு. லொறி, ரக்ரர், தட்டிவானில் சில. டீசல் எஞ்சினுக்குப் பொறி கிடையாது, அமுக்கத்தில் தானாகத் தீப்பிடிப்பதுதான் அதன் வழி. அதனால் மண்ணெண்ணெய் அங்கே எரிவதில் சிக்கல் இல்லை. சிக்கல் பம்பில். டீசலில் இருக்கும் வழுவழுப்புத்தான் பம்பின் உள்பாகங்களுக்கு ஓயில். மண்ணெண்ணெய் வறண்டது, பம்பைத் தின்றுவிடும். அதற்காக மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்தார்கள். கழிவு ஓயிலை வடித்து, சிலர் தேங்காய் எண்ணெய்கூட. ஒவ்வொரு ஓட்டுநரும் தன் கலவைதான் சரி என்று சொல்வார். கூடினால் புகை, குறைந்தால் பம்ப்.

தேங்காய் எண்ணெய் என்றதும் சிரிக்கவேண்டாம். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. எங்களுக்குத் தடை வந்த அதே 1990 இல் பப்புவா நியூகினி அரசாங்கம் பூகன்வில் தீவை முற்றுகையிட்டது. அங்கே மக்கள் தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள், அதைப் பற்றி ஒரு ஆவணப்படமே இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் மதராஸ் மாகாணத்தில் பெற்றோல் தட்டுப்பட்டபோது பின்னுக்கு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் பஸ் ஓடியது. ஆக "உலகத்திலேயே நாங்கள்தான்" என்ற கதை பிழை. எங்கே எரிபொருளை மறித்தாலும் அங்கே மெக்கானிக் ஒருவன் அடுத்து எரியக்கூடியதைத் தேடியிருக்கிறான். பூகன்வில் ஆட்களுக்குப் படம் எடுக்க ஒருவர் போனார் என்பதுதான் வித்தியாசம்.

*

நான் இந்தக் கதையெல்லாவற்றையும் மாமாவிடமும் அவரது கூட்டாளிகள் இரண்டு பேரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, இரவு சாப்பிடும்போது அம்மாவுக்கு ஆர்வமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்த மண்ணெண்ணெய் ஆற்ற எண்டு கேட்டனியோ?" என்றாள்.

கேட்கவில்லை.

தடைக்காலத்தில் அம்மா பள்ளிக்கூடம் போனவள். சாதாரண தரத்துக்குப் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். தெரியாதவர்களுக்கு: ஒரு கண்ணாடிப் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் ஒரு மெல்லிய திரி. குப்பி விளக்கை விட மிகக் குறைந்த எண்ணெயில் எரியும். அதைச் சுற்றி மூன்று பிள்ளைகள் கொப்பியோடு இருப்பார்களாம். அம்மம்மா எண்ணெய் அளந்தது போத்தல் மூடியால். ஒரு மூடிக்கு எவ்வளவு நேரம் என்று அவவுக்குத் தெரியும். காற்று அடிக்கிற நாளில் குறையும், திரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் கூடும். சோதனை நேரம் ஒன்றரை மூடி.

அம்மம்மாவின் அந்த மூடிக் கணக்கும் ஒரு எரிபொருள் அட்டவணைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கூப்பனுக்கு வந்த மண்ணெண்ணெய் ஒன்றுதான். அது விளக்குக்குள் போகலாம், அடுப்புக்குள் போகலாம், மாமாவின் மோட்டார் சைக்கிளுக்குள் போகலாம். மாமா ஒருநாள் முல்லைத்தீவுக்குப் போய்வந்தால் வீட்டில் எத்தனை இரவு இருட்டு என்று ஆண்கள் சொன்ன கதைகளில் வரவேயில்லை. ஏனென்றால் அவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அது அடுப்படியில் இருந்தது. எஞ்சினுக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு கால் சுற்று ஸ்குரூவுக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது. சரியாக ரியூன் பண்ணாத சைக்கிள் கறுப்புப் புகையாக விட்டது பிள்ளைகள் படிக்கிற வெளிச்சத்தைத்தான்.

பெருமைக் கதையில் எனக்கு இருக்கும் எரிச்சலுக்குக் காரணமும் இதுதான். அது எஞ்சின் ஓடியதைச் சொல்லும், எது எரிந்து ஓடியது என்பதை விட்டுவிடும். பெற்றோல் கொஞ்சம் கலந்துபோன மண்ணெண்ணெய் விளக்குக்குள் போய் வெடித்து எரிகாயப்பட்டவர்களை விட்டுவிடும். இரவில் பிரசவ வலி வந்தால் ரக்ரர் பெட்டியில் படுக்கவைத்து, அது எழும்பும்வரை காத்திருந்த பெண்களை விட்டுவிடும். கெட்டித்தனத்தைச் சொல்லக்கூடாது என்றில்லை. அந்தக் கெட்டித்தனம் ஏன் தேவைப்பட்டது, அதை யார் தேவைப்படவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தடையைப் போட்டவர்களுக்கே அது நல்ல கதையாகப் போய்விடும். "பார், அவங்கள் எப்படியோ சமாளிச்சாங்கள்தானே!"

*

திகதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது வரலாற்று மாணவர்களின் பழக்கதோஷம். நானும் வைத்துப் பார்த்தேன்.

பொஷ் கம்பனியின் மின்னணு எரிபொருள் விசிறும் முறை ஃபொக்ஸ்வாகன் காரில் வந்தது 1967 இல். வொல்வோ காரில் ஒக்சிசன் சென்சர் வந்தது 1976 இல். எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கச் சொருகும் ஒரே வகைத் துளை, அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் இருந்தே ஆகவேண்டும் என்று வந்தது 1996 மாதிரி வருசத்திலிருந்து. எஞ்சின் தன் கதையைத் தானே எழுதிவைக்கத் தொடங்கிய வருசம் என்று சொல்லலாம்.

இங்கே 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் வெளிக்கிட்டது. கிளாலி கடந்து பெருந்தொகையான சனம் வன்னிக்கு வந்தது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமில் சண்டை, அதைத் தொடர்ந்து சத்ஜய, செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனது. எங்கள் வீட்டு ஆட்கள் அப்போது இடம்பெயர்ந்தார்கள். மாமா கராஜின் சாவிச் செற்றையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனாராம்.

கொப்பி என்றதும் நான் நிமிர்ந்து இருந்துவிட்டேன்.

ஆமாம், கொப்பி இருந்திருக்கிறது. எந்த வண்டிக்கு எந்த ஜெட், எத்தனை சுற்று, எந்தக் கலவை, யார் எவ்வளவு கடன். கடன் எழுதத்தான் வாங்கியது, மற்றது ஓரத்தில் எழுதியது. 1998 இல் கிளிநொச்சி திரும்பவும் கைமாறிய பிறகு அதோடு திரும்பி வந்தார். 2002 இல் தடை எடுபட்டு, பெப்ரவரியில் ஏ-9 திறந்ததும் சில கிழமைகளுக்குள் யாரும் மண்ணெண்ணெயைப் பற்றிக் கதைக்கவில்லை. பெருப்பித்த ஜெட்டுகளைக் கழற்றி எறிந்து புதிதைப் பூட்டினார்கள். பன்னிரண்டு வருச அறிவு ஒரு மாதத்தில் தேவையில்லாமல் போனது. அதில் மாமாவுக்குக் கவலை இருந்ததா என்று கேட்டேன். "விசரே? பெற்றோல் வந்தா ஆருக்குக் கவலை?" என்றார்.

2006 ஓகஸ்டில் ஏ-9 மூடியது. கொப்பி திரும்ப மேசைக்கு வந்தது. 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்தபோது கொப்பி ரக்ரர் பெட்டியில் ஏறியது. பிறகு விசுவமடு, புதுக்குடியிருப்பு, இன்னும் கிழக்கே. எனக்கு அப்போது ஆறு வயது. ரக்ரர் பெட்டியில் அரிசி மூட்டைக்கு மேலே இருந்தது ஞாபகம் இருக்கிறது, ரக்ரர் எங்கே நின்றுபோனது என்பது ஞாபகமில்லை. முள்ளிவாய்க்கால் பக்கம் ஆயிரக்கணக்கில் வாகனங்களும் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலுக்குள் எங்கள் ரக்ரரும் அதன் பெட்டியில் அந்தக் கொப்பியும் இருந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுடைய விசயத்தில் ஆதாரங்கள் எங்கே போயின என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி.

*

2022 இல் நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போனபோது கொழும்பிலிருந்து எழுதியவர்கள் அதை முன்னெப்போதும் இல்லாத நெருக்கடி என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் கிழடுகள் சிரித்தார்கள். வரிசை, டோக்கன், ஜூலையில் கியூ.ஆர். அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. அந்த நாட்களில் இரண்டு மூன்று பெடியங்கள் மாமாவிடம் வந்து தங்கள் சைக்கிளை மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்டார்களாம்.

அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஒன்று, மண்ணெண்ணெயும் இல்லை. இருந்ததும் கடலுக்குப் போகிறவர்களுக்கே போதவில்லை, ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது, முல்லைத்தீவில் படகுகள் கரையில் நின்றன. இரண்டாவது, இப்போதைய எஞ்சின்கள் அதற்கு ஒத்துவராது. அமுக்கம் கூட. கார்பரேட்டர் இல்லாமல் விசிறி ஊசியோடு வருபவற்றில் மண்ணெண்ணெயை விட்டால் கொம்பியூட்டர் என்ன செய்யும் என்று மச்சானிடம் கேட்டேன். எரியாமல் போன துளிகளோடு மிஞ்சிய ஒக்சிசனைச் சென்சர் கண்டு "எரிபொருள் போதவில்லை" என்று சொல்லும், கொம்பியூட்டர் அதை நம்பி இன்னும் விசிறும், புளக் இன்னும் நனையும். அட்டவணை பெற்றோலுக்கு எழுதியது. அதற்கு மூக்கு இல்லை.

லொறி இப்போது ஓடுகிறது. கடைசி ஓட்டத்துக்கு மாமாவும் முன்னுக்கு ஏறினார், நான் பின்பெட்டியில். பரந்தனுக்குக் கிட்ட ஒரு இடத்தில் அவர் கையைத் தூக்கி, "இதில கொஞ்சம் காயுது" என்றார். மச்சான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பதிவைத் திறந்து பார்த்தபோது அந்த இடத்தில், 2200 சுற்றுக்குப் பக்கத்துப் பெட்டியில், 15.6 என்று இருந்தது. அவன் ஒன்றும் சொல்லாமல் எண்ணை மாற்றினான்.

அடுத்தநாள் நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் எம்.டி. 90 என்று எழுதி அடியில் கோடு போட்டேன். நிரையில் காலமைக் குளிர், வெயில், மழை. நிரலில் தனி ஆள், இரண்டு பேர், பின்னுக்கு மூட்டை, மணல் றோட்டு. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார், நான் எழுதினேன். ஒன்றேகால் சுற்று. ஒன்றரை. மழைக்கு ஒன்றேகாலிலேயே விடு, ஆனால் கிளிப்பை ஏற்று. சிலதுக்கு "மறந்துபோச்சு" என்றார், அந்தப் பெட்டிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கடைசி நிரலில் "ஒரு போத்தலுக்கு எவ்வளவு தூரம்" என்று போட்டிருந்தேன். அதைக் கண்டதும் கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"இது உன்ர அம்மாவைக் கேள். போத்தல் கணக்கு அவைக்குத்தான் தெரியும்."